மூதூரில் தெளிவு, கன்னியாவில் புள்ளி

எங்கள் அலைவரிசையின் படம் திருகோணமலை மாவட்டத்தில் எந்த ஊரில் தெளிவாக விழும், எந்த ஒழுங்கையில் புள்ளியடிக்கும் என்பதை வரைபடம் இல்லாமலே சொல்வேன். போர் முடிந்து கிழக்கில் புதிய கோபுரங்கள் எழத் தொடங்கிய காலத்தில், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சிறிய தமிழ்த் தொலைக்காட்சியின் அஞ்சல் நிலையத்தில், அதாவது கொழும்பு அனுப்புவதை வாங்கி மறுபடி ஒளிபரப்பும் நிலையத்தில், தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தேன். இன்று அந்த நிலையத்துக்கு நானே பொறுப்பு. மாதக் கட்டணம் கேட்காத, கூரையில் ஓர் அன்ரெனா இருந்தால் வீட்டுக்குள் வந்துவிடும் தொலைக்காட்சி அது. அது எப்படி வளர்ந்தது என்று கேட்பவர்கள் நிகழ்ச்சிகளைப் பற்றியே கேட்கிறார்கள். என் கண்ணுக்கு முன்னால் நடந்த வளர்ச்சி, திருகோணமலைக்கென்று தினமும் அரை மணி நேரம் கிடைத்தபோதுதான் தொடங்கியது.

பெரிய நிறுவனங்களுக்கு மலைகள் உண்டு. 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கிய ரூபவாஹினிக்கு நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சி இருக்கிறது, 2524 மீற்றர். வடக்குக்கு அலை அனுப்பிய கொக்காவில் கோபுரம் 1990-இல் போரில் அழிந்தது. அது 174 மீற்றர் உயரத்தில் மறுபடி எழுந்து நிற்க 2011 ஆகிவிட்டது. எங்களுக்கு மலை இல்லை. நகரின் மேட்டுப் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு காணி, கம்பி இழுத்துக் கட்டிய 50 மீற்றர் கோபுரம், கொழும்பிலிருந்து செய்மதி வழியாக வருவதைப் பிடிக்கும் பெரிய தட்டு, குளிரூட்டிய அறைக்குள் டிரான்ஸ்மிட்டர், வெளியே தகரக் கொட்டிலுக்குள் மின்பிறப்பாக்கி. நிலையம் என்றால் இவ்வளவுதான்.

எங்கள் படத்தைச் சுமக்கும் யூஎச்எப் என்ற வானொலி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். 50 மீற்றர் உயரத்திலிருந்து புறப்படும் அலையை ஒன்பது மீற்றர் கம்பத்தில் கட்டிய அன்ரெனா 40 கிலோமீற்றர் வரை பிடிக்கலாம், நடுவில் மறிப்பு எதுவும் இல்லாவிட்டால். அதனால் எங்கள் மாவட்டத்தில் தரைவழித் தூரத்துக்கும் அலைவழித் தூரத்துக்கும் தொடர்பே இருக்கவில்லை. மூதூருக்குப் போவதென்றால் அந்தக் காலத்தில் லோஞ்சில் கொட்டியாரக்குடாவைக் கடக்க வேண்டும். தரையால் போனால் 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அங்கே மிதப்புப் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கு, காத்துக் கிடக்க வேண்டும். எங்கள் அலைக்கு அந்தக் குடா வெறும் வெளி. ஒரு மரம்கூடக் குறுக்கே இல்லை. மூதூரில் படம் கண்ணாடி போல் இருந்தது. நகரத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய கன்னியாவிலோ குன்றுகளின் நிழலில் இருந்த வீடுகளுக்குப் புள்ளிதான். வெந்நீரூற்றுக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் எங்களைத் திட்டுவதும், மூதூர்க்காரர்கள் தொலைபேசியில் வாழ்த்துவதும் ஒரே நாளில் நடக்கும்.

கடற்கரையில் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவனுக்கு உப்புதான் முதல் பகை. கேபிள் மூட்டுகளில் செம்பு பச்சை பிடிக்கும். மூட்டுக்குள் ஈரம் புகுந்தால் மேலே அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பிவரும். அது அளவு மீறினால் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். கோபுரம் ஏறும் வேலையை எனக்குக் கற்றுத் தந்த அண்ணை, மாரி தொடங்குவதற்கு முன் எல்லா மூட்டுகளையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, நாடா சுற்றி இறங்குவார். நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும் என்பார். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் கவிந்து மழைநீரை வழிய விடும். இந்த ஒன்றைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறேன்.

வெக்கையான மாலைகளில் கடல் அசையாமல் கிடக்கும்போது வேறொரு தொல்லை வரும். குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று படிந்துவிட்டால் அலைகள் அதற்குள் அகப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். எங்கோ தொலைவிலுள்ள நிலையம் ஒன்று எங்கள் படத்தின் மேல் கோடுகளாக வந்து படியும். மார்ச்சிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களுக்குத் தட்டுக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. வீட்டில் இருப்பவர் இதையெல்லாம் அறிய வேண்டியதில்லை. படம் வர வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்க ஆண்டுகளில் நாங்கள் வெறும் குழாயாகத்தான் இருந்தோம். கொழும்பு அனுப்பியதை வாங்கித் திருகோணமலைக்குத் திறந்துவிட்டோம். அனுப்பியதில் பெரும்பகுதி இந்தியத் தொடர்கள். அவற்றை இகழ நான் தயாரில்லை; மாலைத் தொடர்களுக்கு வந்த விளம்பரங்கள்தான் எங்கள் டீசலுக்கும் செய்மதி வாடகைக்கும் காசு கொடுத்தன. ஆனால் பத்திரகாளி அம்மன் கோவில் தேர் பற்றிய செய்தி வேண்டுமென்றால், ஒளிப்பதிவு செய்த நாடாவை இரவு பஸ் நடத்துனரிடம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அது அங்கே வெட்டி ஒட்டப்பட்டு, செய்மதிக்கு ஏறி, எங்கள் தட்டுக்கு இறங்கி, திரும்ப நம் ஊருக்கே வரும்போது கோவிலில் தீர்த்தமும் முடிந்திருக்கும். இருபது வினாடி காட்டுவார்கள். சம்பூரில் மக்கள் மீள்குடியேற்றத்துக்காகக் காத்திருந்ததும், குச்சவெளிக் கடற்றொழிலாளரின் வலைகள் அறுந்ததும் அந்த இருபது வினாடிக்குக்கூட வருவது அரிது.

எங்கள் நிலையத்தில் ஒரு மாற்றுப்பொறியும் ஒரு சாதாரணக் கணினியும் வைத்தால், மாலையில் அரை மணி நேரம் செய்மதியை மூடிவிட்டு உள்ளூரிலிருந்தே ஒளிபரப்ப முடியும் என்று திரும்பத் திரும்ப எழுதினோம். தலைமையகத்தின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. நாடு முழுவதற்கும் விற்ற விளம்பரம் எங்கள் ஊரில் மட்டும் விடுபடக் கூடாது. கடைசியில் செய்திக்கு முந்திய, விளம்பரம் குறைந்த அரை மணி நேரத்தைத் தந்தார்கள். அதை இன்றுவரை ஒரு கொடையாகவே நினைக்கிறேன்.

அந்த அரை மணி நேரத்தைக் காலூன்ற வைத்தவை மரண அறிவித்தல்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒருவர் இறந்தால் சொந்தத்துக்குத் தெரிய வேண்டும். சொந்தம் ஆலங்கேணியிலும் தம்பலகாமத்திலும் நிலாவெளியிலும் சிதறிக் கிடக்கிறது. ஆலங்கேணியிலிருந்து வந்த ஒரு பெரியவர், மனைவியின் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வேறு படம் இருக்கவில்லை. மற்றவையெல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. அட்டையின் பிளாஸ்ரிக் உறை மங்கி, முகத்தின் பாதியில் கீறல் ஓடியிருந்தது. எங்கள் கணினிப் பிள்ளை அதை வருடி எடுத்து, பெரிதாக்கி, கீறலை நீக்கப் பொழுதெல்லாம் இருந்து வேலை செய்தாள். பெரியவர் பக்கத்தில் நின்று, நெற்றிப் பொட்டு கொஞ்சம் பெரிதாக இருக்கும் மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்னாரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர் சொல்லும்போது போரில் காணாமற்போன மகனின் பெயரையும் சேர்த்தார். நாங்கள் எதுவும் கேட்காமல் அப்படியே எழுதினோம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஜனாஸா அறிவித்தல்கள் வரும்; அவற்றுக்கு அவசரம் அதிகம், நல்லடக்கம் தாமதிக்காது. அதனால் அரை மணி நேரத்துக்கு வெளியிலும் ஓடும் எழுத்தாகப் போட அனுமதி வாங்கினோம். காசில்லாதவர்களிடம் நாங்கள் காசு வாங்கியதில்லை. அதைத் தலைமையகமும் கேட்டதில்லை.

பிறகு மற்றவை தாமாக வந்தன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சி, நோன்பு காலத்தில் இந்த ஊருக்கான இஃப்தார் நேரம், கந்தளாய்க் குளத்து நீர் எப்போது திறக்கும் என்ற அறிவித்தல், காணாமற்போன மாடுகள். இரும்புக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அரிசி ஆலைக்காரரும் விளம்பரம் தந்தார்கள். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எங்கள் ஆசிரியர்களை ஒரு கரும்பலகையோடு சின்ன அறைக்குள் நிறுத்திச் சாதாரண தரக் கணிதம் நடத்தினோம். இணையத்தில் பாடம் என்று எல்லோரும் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளும் அதுவும் இல்லாத வீடுகளும் என் மாவட்டத்தில் நிறைய இருந்தன. தரவுக்குக் காசு கட்ட வேண்டாத பாடம் அவர்களுக்கு எங்கள் கோபுரத்திலிருந்தும் போனது.

அதே ஆண்டு டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்திலேயே கரையேறியது. திரியாய்க்கும் குச்சவெளிக்கும் அண்மையில், இரவு பத்தரை அளவில். பகலிலேயே கொழும்புக்குச் சொல்லிவிட்டோம், இன்றிரவு இந்த ஊருக்குத் தொடர் வேண்டாம் என்று. மறுபேச்சின்றிச் சம்மதித்தார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்கள், எந்தெந்தப் பள்ளிகளில் மக்கள் தங்கலாம் என்ற பட்டியல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம், இவையே இரவு முழுவதும் ஓடின. அண்ணை வெளியே போய்க் கோபுரத்தின் இழுவைக் கம்பிகளைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து வந்தார். நான் திரும்பிவரும் சக்தியின் அளவுமானியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. மின்கம்பிகள் அறுந்து ஊர் ஊராக இருண்டுகொண்டு போனதால், யாருக்காக ஒளிபரப்புகிறோம் என்ற ஐயம் எங்களுக்கே வந்தது.

அப்போது குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளர் அழைத்தார். படகின் பற்றரியில் சின்னத் தொலைக்காட்சி ஒன்றைக் கொழுவியிருக்கிறாராம். அயலில் உள்ள வீடுகள் எல்லாம் அங்கேதானாம். “தம்பி, படம் நிற்கிறது. எழுத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட விடுங்கள். எங்களுக்கு இங்கே பிள்ளைதான் வாசித்துச் சொல்கிறாள், அவள் மூன்றாம் வகுப்பு.” உடனே வேகத்தைக் குறைத்தோம். கிண்ணியாவைச் சேர்ந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் எங்கள் ஒளிப்பதிவாளர் ஒலிவாங்கியை எடுத்து, ஓடும் எழுத்தை வரி வரியாக வாசிக்கத் தொடங்கினார். விடியும் வரை வாசித்தார். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் எழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வேகத்தில்தான் ஓடுகிறது. எந்தக் குரலறிவித்தலும் இல்லாமல் ஓர் எச்சரிக்கையும் போவதில்லை.

2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே வேறொரு பாலம் கட்டிக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் அதில் ஏற வேண்டியிருந்தது. நாட்டின் எல்லாக் கமராக்களும் வந்தன, சில நாட்களில் திரும்பின. நானா அந்த ஊருக்கு அயல் ஊர்க்காரர். அவர் திரும்பிப் போக இடமில்லை. அந்தப் பாலம் எந்த அளவில் நிற்கிறது என்பதை எங்கள் அரை மணி நேரம் விடாமல் காட்டியது. ஒரு சிறிய அலைவரிசையால் செய்ய முடிந்த மிகப் பெரிய வேலை அதுதான் என்பது என் எண்ணம்: மற்றவர்கள் போன பின்னும் அங்கேயே இருப்பது.

2022-இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனபோது டீசல் வரிசையில் கேன்களோடு நின்றோம். விளம்பரம் பாதியாகிவிட்டது. சம்பளம் தாமதமாகியது. ஆனாலும் உள்ளூர் அரை மணி நேரத்துக்கு மின்பிறப்பாக்கியை ஓட விட்டுவிட்டு, ஊருக்கும் மின்சாரம் இல்லாத மற்ற நேரங்களில் நிறுத்தி வைத்தோம். எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம் வரும் என்ற அட்டவணையை முதலில் பார்த்து, அதற்கேற்ப மரண அறிவித்தல்களை மறுபடி போட்டோம்.

இப்போது அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது. கன்னியாவுக்கென்று, குன்றின் நிழலில் உள்ள வீடுகளுக்கு அலையைத் திருப்பி அனுப்பும் ஒரு சிறிய நிரப்பு நிலையம் கேட்டிருக்கிறோம். அடுத்தது டிஜிட்டல். ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை இலங்கை 2014-இல் தேர்ந்தெடுத்தது. வேலை இன்னும் இழுபடுகிறது. அது வந்தால் பல அலைவரிசைகள் ஒரே டிரான்ஸ்மிட்டரைப் பகிரலாம், எங்களைப் போன்றவர்களுக்குத் தனிக் கோபுரச் செலவு குறையும். அந்த முறைக்குள்ளேயே அவசர எச்சரிக்கை அனுப்பும் வசதியும் இருக்கிறது. 2004-இல் கடல் ஊருக்குள் வந்த ஒரு கரைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வாங்கி வைக்க வேண்டும். அதை யார் வாங்கிக் கொடுப்பது என்பதை முடிவு செய்யாமல் பழைய அலையை நிறுத்தக் கூடாது. பகிரும் டிரான்ஸ்மிட்டரில் மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ளூர் நேரத்தைத் திறந்துவிடும் ஏற்பாடும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்றால் சேர்க்க மாட்டார்கள். இந்த இரண்டையும் கேட்டுத் தலைமையகம் வழியாக எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை என்றால் மறுபடி எழுதுவோம். அந்த அரை மணி நேரமும் அப்படி எழுதித்தான் கிடைத்தது.