மச்சு வழியாக வயரிங்: வேலை நடந்த வரிசை

கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் மச்சில் வயர் ஓட்டுவதானால், வயர் வாங்கும் முன்பே ஒரு தெர்மாமீட்டரை மேலே தொங்கவிட வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு அதைப் பார்த்தோம். 50 டிகிரி காட்டியது. அதன் பிறகுதான் கணக்கையே எழுதினோம்.

வயர் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று சொல்லும் அட்டவணையில் போட்டிருக்கும் ஆம்பியர் 30 டிகிரி காற்றுக்கு உரியது. பிவிசி உறை போட்ட 2.5 சதுர மிமீ செம்பு வயர், பைப்புக்குள் ஒரே சர்க்யூட்டாக ஓடினால் 24 ஆம்பியர் தாங்கும். காற்று 50 டிகிரி என்றால் அதை 0.71-ஆல் பெருக்க வேண்டும்; 17 ஆகிறது. அதே பைப்பில் இரண்டாவது சர்க்யூட்டையும் நுழைத்தால் இன்னொரு 0.8, கையில் மிஞ்சுவது 13.6. இந்த வயருக்கு வழக்கம்போல 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருந்தால், 15 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடினாலும் அது விழாது. உறைதான் வெந்துகொண்டிருக்கும். மச்சு வயரிங்கில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 4 சதுர மிமீ எடுத்தால் இதே கணக்கு 18 ஆம்பியரில் முடியும், 16 எம்சிபி அதைக் காப்பாற்றும். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். லைட் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மிமீயும் 6 ஆம்பியர் எம்சிபியும் போதும்.

வெப்பத் தடுப்புப் பஞ்சுக்குள் வயர் அரை மீட்டர் புதைந்தாலே அதன் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே வயர் பஞ்சுக்கு மேலேதான் போக வேண்டும். தெர்மாகோல் தகடு இருக்கும் இடத்தில் வயர் நேரடியாக அதன்மேல் படவே கூடாது. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கி, சில ஆண்டுகளில் உறை விறைத்து வெடித்துவிடும்.

மேலே ஏறுமுன் மெயினை அணைத்தோம். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும்; மெயின் போனதும் அது தானாகவே கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். நியான் விளக்கு வைத்த டெஸ்டரை மட்டும் நம்பி வயரைத் தொடக்கூடாது. இரண்டு முனை வைத்த டெஸ்டரை, கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் சரிபார்த்து, வேலை செய்யும் வயரில் வைத்துப் பார்த்து, மறுபடியும் பழைய இடத்தில் சரிபார்த்துக்கொண்டோம். வேலை நேரம் விடியற்காலை. கீழே ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். கால் வைப்பது மச்சின் குறுக்கே ஓடும் மரச் சட்டத்தின் மேல் மட்டும். இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டுக்கொண்டால் முழங்கால் ஊன்றி நிம்மதியாக வேலை செய்யலாம்.

சட்டத்தில் துளை போடுவது பொறுமை கேட்கும் வேலை. 20 மிமீ பைப்புக்கு 22 மிமீ துளை, சட்டத்தின் உயரத்துக்கு நடு மட்டத்தில். துளையின் விட்டம் சட்டத்தின் உயரத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. தாங்கும் சுவரிலிருந்து பார்த்தால், சட்டத்தின் நீளத்தில் கால் பங்குக்கும் ஐந்தில் இரண்டு பங்குக்கும் இடையில்தான் துளை வர வேண்டும். 150 மிமீ சட்டத்தில் மேலே 64 மிமீ மரம் மிஞ்சும், ஆணி எட்டாது. 100 மிமீ சட்டத்தில் 39 மிமீதான் மிஞ்சும் என்பதால் அங்கே 1.6 மிமீ இரும்புத் தகடு அடித்தோம். தொழிற்சாலையில் செய்து வந்த முக்கோண டிரஸ்ஸைத் துளைக்கவே கூடாது. அதில் பக்கவாட்டில் கிளிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சட்டங்களைக் குறுக்கே கடக்கும் இடத்தில் வளையும் பைப், சட்டத்தோடு ஒட்டிப் போகும் இடத்தில் கடினப் பைப். பைப்பைப் பிடித்து நிறுத்தும் சேடில் 60 செமீக்கு ஒன்று. இரண்டு ஜங்ஷன் பாக்ஸுகளுக்கு (வயர்களை இணைக்கும் பெட்டி) நடுவில் இரண்டு பெண்டுக்கு (வளைவு) மேல் வைத்தால் வயர் இழுபடாது. பலம் கொடுத்து இழுத்தால் உறை உரியும். உரிந்தது கண்ணுக்கே தெரியாது, உறையின் தடையை அளக்கும் மெகரில்தான் தெரியவரும். பைப்பில் எலி நுழையும் அளவுக்கு எங்கும் திறந்த வாய் இருக்கக்கூடாது. ஏறும் வாசலைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் ஒரு வயரும் மேலாக ஓடக்கூடாது. ஏறுகிறவர் முதலில் கைப்பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

இணைப்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள் மட்டும், மூடியோடு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மச்சுச் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். லீவர் கனெக்டர் (நெம்பியை மடக்கி வயரைப் பிடிக்கும் இணைப்பான்) போட்டு, அதன் உடம்பில் குறித்திருக்கும் நீளத்துக்கு மட்டும் உறையைச் சீவினோம். செருகியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் 20 செமீ வயராவது உபரியாக இருக்கட்டும்.

எல்இடி டிரைவர்களை (விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு பெட்டி) எல்லாம் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்தோம். விதிப்படி 1 மெகா ஓம் போதும், ஆனால் புது வயர் 100-க்கு மேல் காட்டாவிட்டால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று தேட ஆரம்பிக்க வேண்டும். எர்த் தொடர்ச்சி பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தோம். கடைசியாக, வெயில் நேரத்தில் முழு லோடையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் மூடி மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தோம். ஒரு மூடி மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அதற்குள் ஒரு வயர் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம்.