லிஃப்ட் கிட் கடைசியில் வாங்கலாம்

பழைய பிக்கப்பை மேடுபள்ளத்துக்குத் தயார் செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட்டைத்தான். உயர்ந்து நிற்கும் வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் பின் ஆக்சிலில் தொங்கும், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் அது ஒரு நூல்கூட உயராது. டயர் பெரிதானால்தான் உயரும். 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் மாட்டினால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். வண்டியின் வயிறு தட்டாமலும் பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமலும் இருக்கத்தான் லிஃப்ட். அதனால் டயர் அளவை முடிவு செய்த பிறகே மற்ற கணக்கு.

அதற்கும் முன்னால் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸைப் பாருங்கள். ஒரு சிறிய சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் பொத்தென்று அடங்கும். ஸ்பிரிங்கைச் சேஸில் தாங்கும் ஹேங்கர் பற்றவைத்த இடம், பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளையும் இடம், பெட்டிபோல் மூடிய பகுதியின் அடிப்பக்கம் ஆகியவற்றில்தான் சேறு தங்கி அரிக்கும். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்த சேஸை இரண்டு மடங்கு சந்தேகப்படலாம்.

இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால், அதில் கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் உயரம் வரும், கூடவே முரட்டுத்தனமும் வரும். காலி வண்டி குதிக்கும். முழு செட்டையும் மாற்றுவதே மேல். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதை முன்பக்கம் செய்யவே கூடாது. பின்பக்கத்திலும் உயரமான கட்டை தொல்லைதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், பட்டைகள் 'எஸ்' போல நெளியும், சக்கரம் தத்தும், கடைசியில் ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை வடிவ மூட்டான கிராஸ் உடையும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது இழுபட்டு நீண்டுதான் பிடிமானம் தருகிறது. ஒருமுறை நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது. பிடி தளர்ந்தால் ஆக்சிலின் சுமை முழுவதும் பட்டைகளைக் கோக்கும் நடு போல்ட்டின் மேல் விழுந்து அது வெட்டுப்படும். நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், படிப்படியாக இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் முனை வளையத்தில் போகும், ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டையும், மறுமுனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் பட்டையான ஷேக்கிலின் போல்ட்டையும் வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கிவைத்து இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிச் சுமை தாங்கும் கம்பியான டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் அதன் போல்ட்டைத் திருகினாலே மூக்கு உயரும். செலவில்லாத லிஃப்ட், ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறையும். ஒரு அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

இனி கியர் கணக்கு. கிரௌன் பினியன் என்பது ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி; 4.10 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும். 4.10 உள்ள வண்டியில் 28-க்குப் பதில் 31 போட்டால், பழைய டயரில் 3.70 ஓடுவதுபோல் மந்தமாகிவிடும். பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.56 போட வேண்டும். முன் ஆக்சிலிலும் அதே விகிதம் கட்டாயம். இல்லையென்றால் நான்கு சக்கர ஓட்டத்தில் ஒன்றையொன்று இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நாசமாகும். கிரௌன் பினியனை மாற்றாத வரை ஸ்பீடோமீட்டரும் குறைத்தே காட்டும்: முள் 90-இல் நிற்கும்போது வண்டி 100-இல் போய்க்கொண்டிருக்கும்.

லிஃப்ட் போட்டதும் சேஸை ஜாக்கில் தூக்கி, ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பாருங்கள். விறைத்து நின்றால் நீளமானது வாங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

மலிவான வேலை, ஆனால் பலர் விட்டுவிடுவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதர். ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சில் பிரீதரில் எண்ணெய் தாங்கும் ஹோஸ் மாட்டி, எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய், முனையில் சிறிய ஃபில்டர் வையுங்கள். ஆக்சில் நன்றாக அசையும்படி ஹோஸில் தொய்வு விடுங்கள். ஆழத் தண்ணீர் கடந்து வந்த பிறகு டிஃபரன்ஷியலின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். விட்டால் பேரிங் துருவேறும்.

முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். புதுப் பட்டைகள் படியும்போது முதலில் தளர்வது அவைதான். நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே திரும்பியது தெரிந்துவிடும்.