அந்த வரியை அடித்தது நான்தான்

2008 நவம்பர் 26 ராத்திரி சென்னையில் விடாத மழை. நிஷா புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் எனக்கு நைட் ஷிஃப்ட், திரையின் அடியில் ஓடும் வரிகள், அதாவது ஸ்க்ரோல், என் பொறுப்பு. எந்த மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை, எந்த ஊரில் வெள்ளம் என்று அடித்துக்கொண்டிருந்தபோது, மும்பையில் துப்பாக்கிச் சூடு என்று ஏஜென்சியில் ஒரு வரி வந்தது. ரவுடி கும்பல் மோதலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். நள்ளிரவுக்குள் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், லியோபோல்ட் கஃபே, தாஜ், ஓபராய், காமா மருத்துவமனை என்று பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் புயல் காரைக்கால் பக்கம் கரையைக் கடந்து டெல்டா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. தஞ்சாவூர் நிருபர் அனுப்பிய காட்சிகள் சர்வரிலேயே கிடந்தன. திரையில் தாஜ் எரிந்துகொண்டே இருந்தது.

நான் சொல்ல வந்தது 28ஆம் தேதி காலையைப் பற்றி. தீவிரவாதிகள் பிணைக்கைதிகளோடு உள்ளே இருந்த யூத மையமான நரிமன் ஹவுஸ் மேல் ஹெலிகாப்டர் நின்றது, கயிறு இறங்கியது, கறுப்பு உடையில் கமாண்டோக்கள் ஒவ்வொருவராக மொட்டை மாடியில் குதித்தார்கள். எங்களுக்கு மும்பையில் கேமரா கிடையாது, வாங்கிய ஃபீட்தான், ஆனால் அப்படியே லைவாகப் போட்டோம். 'நரிமன் ஹவுஸ் மாடியில் கமாண்டோக்கள் இறங்கினர்' என்று நான் அடித்த வரி சில நொடிகளில் திரையின் அடியில் ஓடியது. போட்டி சேனலுக்கு முன்னால் போட்டுவிட்டோம் என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் என் தோளைத் தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்திரிகையிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்த ஒரு மூத்த உதவி ஆசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உள்ளே இருக்கிறவன் கையிலயும் போன் இருக்கும்ல?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதற்கான பதில் சில வாரங்களில் வந்தது. தாக்குதல் நடத்திய தீவிரவாதிகளுக்குப் பாகிஸ்தானிலிருந்து உத்தரவு போட்டவர்களின் போன் பேச்சுகளை இந்திய அரசு வெளியிட்டது. தாஜில் மூன்று அமைச்சர்கள் இருக்கிறார்கள், எந்த அறை என்று தெரியவில்லை, தேடுங்கள் என்கிறது ஒரு குரல். எல்லாவற்றையும் மீடியா பதிவு செய்கிறது, முடிந்தவரை சேதம் விளைவியுங்கள் என்கிறது இன்னொரு பேச்சு. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்குச் செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம், அதே நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து போனில் ஆளை ஏவிக்கொண்டிருந்தவனுக்கும் அது போய்க்கொண்டிருந்தது.

நரிமன் ஹவுஸில் ஹவில்தார் கஜேந்தர் சிங் இறந்தார். டிவியால்தான் இறந்தார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாபின் வழக்கில் 2012 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது: நேரலையால் பாதுகாப்புப் படையினருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டதா என்று கண்டறிய இயலாது, ஆனால் அவர்கள் வேலையைக் கடினமாகவும் ஆபத்தாகவும் ஆக்கியது என்பதில் சந்தேகமே இல்லை என்று. சேனல்கள் செய்தது தேச நலனுக்காக அல்ல, வியாபாரத்துக்காக என்றும் எழுதினார்கள். அந்த வரியை எங்கள் சேனலும் செய்தியாகப் போட்டது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

2015இல் கேபிள் டிவி விதிகளில் திருத்தம் வந்து, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் சொல்லலாம் என்று ஆனது. அதிகாரி சொல்வதை மட்டும் சொல்வது பத்திரிகை வேலை இல்லை என்று கோபப்படும் நண்பர்கள் உண்டு, அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அதிகாரி தப்பாகச் சொன்னால் கேள்வி கேட்க வேண்டியது நாம்தான். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கயிற்றில் ஆள் இறங்குவதைக் காட்டுவது வேறு. இறங்கி முடித்து, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்த பிறகு காட்டினால் பார்ப்பவருக்கு என்ன நஷ்டம்? இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

அந்த மூன்று நாளைப் பற்றி இன்னொன்றும் உறுத்துகிறது. ரயில் நிலையத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போகக் காத்திருந்த ஜனங்கள். தாஜின் கோபுரம் திரையில் இருந்த நேரத்தில் கால்வாசிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே அறிவிப்பாளராக இருந்த விஷ்ணு ஜெண்டே பற்றி நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். வெடிச் சத்தம் கேட்டதும், இந்தப் பக்கம் வராதீர்கள், பின்பக்கமாக வெளியேறுங்கள் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எத்தனையோ பேர் அதைக் கேட்டு உயிர் தப்பினார்கள். அன்றைக்கு எங்கள் கையிலும் மைக் இருந்தது.

2025 ஏப்ரல் 22, காஷ்மீரின் பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்ற அன்று நான்தான் டெஸ்க் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மொபைலை நீட்டினான். புல்வெளியில் ஒரு பெண் கணவர் உடல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம். "அண்ணே, எல்லாரும் போட்டுட்டாங்க, நாம மட்டும்தான் போடலை." அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, 2008இல் அந்த இடத்தில் நான் இருந்தேன். போட வேண்டாம் என்றேன். இறந்தவர் எண்ணிக்கையையும் ஒரு இடத்திலாவது உறுதியாகும் வரை நிறுத்தி வைத்தோம். டெல்லி தமிழ்நாடு இல்லத்தின் உதவி எண்கள் வந்ததும் முதல் வேலையாக அவற்றை ஸ்க்ரோலில் ஏற்றச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து எல்லையில் சண்டை நடந்தபோது, ஜம்மு காஷ்மீரின் பூஞ்சில் ஷெல் விழுந்து இறந்துபோன ஒரு மதரஸா ஆசிரியரைத் தீவிரவாதி என்று சில சேனல்கள் சொல்லிவிட்டன. போலீஸ் மறுத்த பிறகு சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். அந்த வீட்டில் அப்போது அவரை அடக்கம் செய்துகொண்டிருந்திருப்பார்கள். அந்த வரியையும் எங்கேயோ ஒரு டெஸ்க்கில் ஒருவர் அவசரமாக அடித்திருப்பார், யாராவது அவர் தோளையும் தட்டியிருக்கலாம்.

பஹல்காம் அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆபீஸ் லேண்ட்லைனுக்கு ஒரு அம்மா பேசினார். மகன் காஷ்மீருக்கு டூர் போயிருக்கிறானாம், ஸ்க்ரோலில் நம்பர் வேகமாக ஓடுகிறது, கண் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் சார் என்றார். அந்தப் பையன்தான் போனை எடுத்தான். ஒவ்வொரு எண்ணாக, மூன்று தடவை சொன்னான். அப்புறம் என்னிடம் கேட்காமலேயே போய் ஸ்க்ரோலின் வேகத்தைக் குறைத்தான்.