பார்த்தவரின் சிங்கம், பாராதவரின் சிங்கம்

பழங்காலச் சிங்க உருவங்களின் படங்களைச் சில மாதங்களாகச் சேர்த்து வருகிறேன். முதலில் அவற்றைக் காலவரிசையில் அடுக்கினேன். பிறகு நாடுவாரியாகப் பிரித்தேன். இரண்டிலும் நிறைவு கிட்டவில்லை. கடைசியில், இதைச் செய்தவர் உயிருள்ள சிங்கத்தைத் தம் கண்ணால் பார்த்திருப்பாரா என்ற ஒரே கேள்வியைக் கொண்டு பிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் குவியலில் ஓர் ஒழுங்கு தென்பட்டது.

பார்த்தவர்களின் வரிசையில் முதலிடம், பிரான்சின் தென்பகுதியில் 1994-இல் கண்டறியப்பட்ட ஷோவே குகையின் ஓவியர்களுக்கே உரியது. 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தக் குகைச் சுவர்களில் ஆண் சிங்கத்துக்கும் பிடரிமயிர் இல்லை. இதை ஓவியரின் கவனக்குறைவாகக் கொள்ள முடியாது. அவர் விதைப்பையைத் தெளிவாகவே வரைந்திருக்கிறார். எலும்பைப் போல மயிர் மண்ணில் எஞ்சி நிற்பதில்லை என்பதால், அழிந்துபோன குகைச் சிங்கங்களுக்குப் பிடரி இருந்ததா என்று ஆராய்பவர்கள் இன்று இந்த ஓவியங்களையும் சான்றாகக் கொள்கிறார்கள்.

ஆனால் என்னை மிகுதியும் நிறுத்தி வைத்தவை அசீரியச் சிற்பங்கள். இன்றைய இராக்கில் இருந்த அசீரியப் பேரரசின் நினிவே நகரில், கி.மு. 645-ஐ ஒட்டி, அசுர்பானிபால் மன்னரின் அரண்மனைச் சுவர்களில் செதுக்கப்பட்ட சிங்க வேட்டைக் காட்சிகள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வேட்டை காட்டில் நடக்கவில்லை; கூண்டின் கதவை ஒருவர் மேலே தூக்க, அடைத்து வைத்திருந்த சிங்கம் வெளியே வருவதைச் சிற்பியே காட்டிவிடுகிறார். அம்புகள் தைத்த பெண்சிங்கம் ஒன்று, செயலற்றுப்போன பின்னுடலை மண்ணில் இழுத்துக்கொண்டு, முன்கால்களை ஊன்றித் தலை நிமிர்த்திக் கத்துகிறது. முதுகெலும்பில் அடிபட்ட விலங்கின் உடல் எங்கே தளரும், எங்கே இறுகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவரால் மட்டுமே இப்படிச் செதுக்க முடியும். மன்னரின் முகமோ எல்லாக் காட்சிகளிலும் ஒன்றுபோலவே உணர்ச்சியற்று இருக்கிறது. சிற்பி சிங்கங்களுக்காக இரங்கினார் என்று பலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. எதிரியின் வலிமை பெரிதாகத் தெரிந்தால்தான் மன்னரின் வெற்றியும் பெரிதாகும். சிற்பிக்கு இடப்பட்ட வேலை அதுவே. இரக்கம் நம்முடையது.

பாபிலோனின் ஊர்வலப் பாதையில் மெருகூட்டிய செங்கற்களால் ஆன சிங்கங்கள் அழகானவைதாம். ஆனால் அச்சில் வார்த்து ஒரே நடையைத் திரும்பத் திரும்பக் காட்டுவதால், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகிவிடுகிறது.

பாராதவர்களின் வரிசை இதைவிடச் சுவையானது. சீனத்தில் சிங்கம் வாழ்ந்ததில்லை. ஹான் பேரரசின் காலத்தில் மேற்கு நாட்டு மன்னர்கள் அனுப்பிய அன்பளிப்பாகவே அது வந்தது. அந்தச் சில விலங்குகளை அரண்மனைக்கு வெளியே பார்த்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். ஆகவே சிற்பிகள் சிங்கத்தைப் பார்த்தல்ல, முந்தைய சிற்பத்தைப் பார்த்தே சிங்கம் செய்தார்கள். பிடரி சுருள்சுருளாக முறுக்கிக்கொண்டது. ஆணின் பாதத்துக்கடியில் பந்தும் பெண்ணின் பாதத்துக்கடியில் குட்டியும் வந்து சேர்ந்தன. 953-இல் இரும்பில் வார்க்கப்பட்ட, 5 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள சாங்சோ சிங்கம் இந்த மரபின் ஒரு பேருரு. நம் பக்கத்தில், மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில், சிங்கத்தை ஒத்த யாளியின் தலைகள் சூழ்ந்த பல்லவர் குடைவரையை மக்கள் புலிக்குகை என்றே அழைக்கிறார்கள். செதுக்கியவர்கள் கற்பனை விலங்கைச் செதுக்கினார்கள். அந்தச் சிற்பத்தைப் பார்த்த மக்கள் தமக்குத் தெரிந்த விலங்கின் பெயரை அதற்கு இட்டார்கள் என்பது என் ஊகம்.

இந்தப் பிரிவினை எங்கும் பொருந்திவிடவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், வட இந்தியாவில் சிங்கங்கள் உலவிய காலத்திலேயே செய்யப்பட்ட சாரநாத் தூணின் நான்கு சிங்கங்களுக்குப் பிடரிமயிர் வரிசை வரிசையாக, சீவி அடுக்கியதுபோல் இருக்கிறது. பார்க்க முடிந்தும், பார்த்தபடி செய்ய வேண்டாமென்று அந்தச் சிற்பி முடிவு செய்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் வில்லார் த ஒன்னகூர் இன்னும் குழப்புகிறார். அவருடைய வரைபட ஏட்டில் நேர்முகமாக நோக்கும் ஒரு சிங்கம் இருக்கிறது. இது உயிருள்ளதைப் பார்த்து வரையப்பட்டது என்று அருகிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். வட்ட முகமும் சுருள் மயிருமாக, அது தேவாலயக் கதவிலிருந்து இறங்கி வந்த சிங்கத்தைப் போலிருக்கிறதே தவிர, மூச்சு விடும் விலங்கைப் போல் இல்லை. இத்தனைக்கும் சிங்கத்தைப் பழக்குபவர் அதன் கண்முன் நாய்களை அடித்து அதை அடக்கும் முறையையும் அவர் குறித்திருக்கிறார். நேர்முகச் சிங்கம் உள்ள பக்கத்திலேயே ஒரு முள்ளம்பன்றியையும் வரைந்து, சினம் கொண்டால் அது தன் முட்களை எய்யும் என்ற கட்டுக்கதையையும் எழுதியிருக்கிறார்.