லிபியா: பெர்லினும் ஜெனீவாவும்

லிபியாவில் சமாதான முயற்சி என்றாலே 2020 ஜனவரி பெர்லின் மாநாட்டைத்தான் சொல்வார்கள். துருக்கி, ரஷ்யா, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் ஒரே மேசையில். 2011 முதல் இருக்கும் ஐ.நா. ஆயுதத் தடையை மதிப்போம் என்றார்கள். அப்புறமும் ஆயுதங்கள் வந்து இறங்கிக்கொண்டேதான் இருந்தன!

எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று ஜெனீவாவில் நடந்ததுதான். லிபியாவில் மோதிக்கொண்ட கிழக்கு, மேற்குத் தரப்புகளிலிருந்து தலா ஐந்து பேர் கொண்ட ராணுவக் குழு, ஐ.நா. முன்னிலையில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே பழையபடி முழுப்போர் மூளவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். 2021 டிசம்பர் 24-க்குக் குறித்திருந்த தேர்தல் மட்டும் நடக்கவே இல்லை. யார் போட்டியிடலாம் என்பதிலேயே இழுபறி. வெளிநாட்டுக் கூலிப்படைகள் மூன்று மாதத்தில் வெளியேற வேண்டும் என்ற போர்நிறுத்த ஷரத்தும் காகிதத்தோடு சரி.