மார்க் ஷீட்டில் தமிழ் இல்லாமல் கல்லூரியில் பகுதி-1 தமிழ் எடுத்த அனுபவம்

வெளிமாநிலத்தில் பள்ளி முடித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் கல்லூரியில் சேர வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ்தான் பேசுவீர்கள், ஆனால் பள்ளியில் ஒரு வகுப்பிலும் தமிழ் படித்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான். அப்பாவுக்குச் சொந்த ஊர் களக்காடு, பிழைப்பு மும்பை தாராவியில். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. 12-ஆம் வகுப்பு முடிந்ததும் ஆச்சி வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று வந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன்.

விண்ணப்பம் போட்டதிலும் இடம் கிடைத்ததிலும் ஒரு சிக்கலும் இல்லை. அலுவலகக் கவுண்ட்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பகுதி-1 மொழி, அதாவது பட்டப்படிப்பில் நாமே தேர்ந்தெடுக்கிற மொழிப்பாடம், என்ற இடத்தில் நான் தமிழ் என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த கிளார்க் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அடித்துவிட்டு இந்தி என்று எழுதினார்.

கூட வந்த அத்தை விடவில்லை. "சார், பிள்ளை வீட்டுல தமிழ்தான பேசுதா, பெறவு எதுக்கு இந்தி?"

"பேசுனா ஆச்சாம்மா? மார்க் ஷீட்ல தமிழ் எங்க இருக்கு? இந்தி எடுத்தா மார்க்கும் வரும். பிள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் வராமல் மொழி மாற்றத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்றும் சொல்லி, மறுபடி வர ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். "அன்னைக்குத் தேருல்லா சார், உள்ளூர் லீவு விடுவாங்களே" என்று அத்தை கேட்டதற்கு, அட்மிஷன் நேரம், ஆபீஸ் உண்டு என்று அடித்துச் சொன்னார். நம்பிப் போனோம். கேட் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். டவுன் பக்கம் பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டிருந்ததால் களக்காடு திரும்புவதற்குள் பொழுது போய்விட்டது. அத்தைக்கு அன்றைய தையல் கூலி போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எலிஜிபிலிட்டிக்கும் பகுதி-1 மொழிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைப் பிறகுதான் ஒரு பேராசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வேற்று மாநில போர்டில் படித்தவர்களுக்கு, அந்தப் படிப்பு இங்குள்ள பட்டப்படிப்பில் சேரச் செல்லும் என்று பல்கலைக்கழகம் கொடுக்கிற தாள் அது, அவ்வளவுதான். அதை வாங்க மைக்ரேஷன் சர்டிபிகேட் (வேறு இடத்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்குப் பழைய போர்டு கொடுக்கிற சான்று) ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். என்னிடம் டி.சி.யும் மார்க் ஷீட்டும்தான் இருந்தன. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாஷியில் இருக்கிற போர்டு ஆபீஸுக்கு அலைந்து வாங்கி கூரியரில் அனுப்பினார். மும்பையிலிருந்து வருகிறவர்கள் ரயில் ஏறும் முன்பே இதைக் கையில் வாங்கிவிடுங்கள். மைக்ரேஷன் வந்த பிறகு மற்ற வேலை சுலபமாக முடிந்தது.

அதற்குள் வகுப்பு தொடங்கி, என்னைப் பகுதி-1 இந்தியிலும் பகுதி-4 அடிப்படைத் தமிழிலும் போட்டுவிட்டார்கள். பள்ளியில் தமிழ் படிக்காமல், பகுதி-1-லும் வேறு மொழி எடுத்தவர்களுக்கானது அடிப்படைத் தமிழ். 6-ஆம் வகுப்புத் தரம் என்று பாடத்திட்டத்தில் இருக்கும், ஆனால் எங்கள் வகுப்பு 'அ, ஆ'விலிருந்துதான் தொடங்கியது. கேரளத்துப் பிள்ளைகளும், டவுனில் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் குடும்பத்துப் பெண்ணும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வகுப்பு அவசியம், மேடமும் பொறுமையாக நடத்தினார். "இது மரம், அது வீடு" என்று அவர்கள் சொல்லிப் பழகும்போது எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் பேப்பரைக் கொடுத்தால் ஒரு தலைப்புச் செய்தியைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு நடுவில் ஒரு வகுப்பு வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மாணவர்களுக்குத் தனி வகுப்பே உண்டு. பேசக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு வாசிப்பு, எழுத்து, இலக்கணம் என்று நேராகப் போவார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். மும்பை, சூரத், பெங்களூர் என்று நம் ஜில்லாக்காரர்கள் போகாத ஊர் இல்லை. அவர்கள் பிள்ளைகள் படிக்கத் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

'இந்தியிலேயே இருந்துவிடு, சுலபமாக மார்க் வாங்கலாம்' என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்த மாட்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆதிச்சநல்லூர் இருக்கிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரலாறு படிக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் அதைப் படித்து என்ன பயன்?

கடைசியில் வழி காட்டியது தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர். பாடத்திட்டப் புத்தகத்தின் முன்பக்கங்களில் இருந்த விதிகளை என்னையே படிக்க வைத்தார். பள்ளியில் தமிழ் படிக்காதவர் பகுதி-1-ல் தமிழ் எடுக்கக் கூடாது என்று அதில் எங்குமே இல்லை. மனு எழுதினேன். கிளார்க் வாங்க மறுத்தார், "ரூல் கிடையாது" என்றார். எந்தப் பக்கத்தில் சார் என்று புத்தகத்தை நீட்டினேன், பதில் இல்லை.

இங்கே கவனியுங்கள். முதலில் தமிழ்த்துறைத் தலைவரின் கையெழுத்து, பிறகு உங்கள் துறைத் தலைவர், அதன் பிறகுதான் முதல்வர். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, முதல் பருவத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் பாடக் குறியீடுகள் பதிவாகின்றன, அதற்குப் பிறகு எங்கள் கல்லூரியில் மாற்ற விடுவதில்லை. முதல்வர் என்னை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். திக்கித் திக்கி வாசித்தேன். "தேர்வுக்குள்ள சரி பண்ணிருவியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைக் கவுண்ட்டரில் வைத்தபோது இருந்த சந்தோஷம் பிறகு மார்க் வந்தபோதுகூட இல்லை.

படித்த விதத்தைச் சொல்கிறேன். பாடநூல் கழகத்தின் 6, 7, 8-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், எடுத்துக்கொண்டேன். தினமும் ஆச்சிக்குத் தினத்தந்தியை உரக்கப் படித்துக் காட்டினேன். சின்னச் சின்ன வாக்கியம், ஊர்ச் செய்தி, தப்பாகப் படித்தால் ஆச்சியே "ஏட்டி, அப்படியா போட்டிருக்கு?" என்று பிடித்துவிடுவாள். வாசிப்பு நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. க, ப போன்ற எழுத்துகளை எங்கே அழுத்திச் சொல்வது, எங்கே மெலிதாகச் சொல்வது என்று மற்றவர்கள் தடுமாறுவார்கள். நமக்கு வார்த்தை ஏற்கெனவே தெரியும் என்பதால் வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிடும்.

எழுதுவதுதான் பாடு. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் நம் பக்கத்துப் பேச்சை வைத்துப் பிரிக்க வராது. பக்கத்து வீட்டு 5-ஆம் வகுப்புப் பையன் எனக்குச் சொல்வதெழுதுதல் நடத்தினான், கண்டிப்பான வாத்தியார். வல்லினம் மிகும் இடம் மிகா இடத்தை மட்டும் எழுதி எழுதியே மனதில் ஏற்ற வேண்டும். இன்னொன்று, கை வேகம். முதல் உள்தேர்வில் தெரிந்த விடைகளையே எழுதி முடிக்க நேரம் போதவில்லை. மணி பார்த்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதிய பிறகுதான் சரியானது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பாருங்கள். வெளியூர்த் தமிழர்களை நினைத்தே தொடங்கியது அது.

முதல் பருவத்தில் தேறினேன். இந்தியில் வாங்கியிருக்கக்கூடிய மார்க் இல்லை, ஆனால் இரண்டாம் பருவத்தில் ஏறியது. நெல்லைப் பேச்சில் எழுதிய சிறுகதை பாடமாக வந்தபோது வகுப்பில் நான்தான் வாசித்தேன்.

இந்த வருடம் அடிப்படைத் தமிழ் வகுப்பில் மும்பைப் பக்கம் கல்யாண் என்ற ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அப்பா ஊர் சேரன்மகாதேவி. தேர்வுக் கட்டணத் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. தமிழ்த்துறைக் கையெழுத்து வாங்கியாயிற்று, திங்கட்கிழமை அவளுடன் முதல்வர் அறைக்குப் போகிறேன். வேறு யாராவது இதே நிலையில் இருந்தால் மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது, கேளுங்கள்.