இடமிருந்து வலம்

2023 ஜூலை 20, வியாழன்

வாஷிங்டனில் இன்று கீழவை விமானப் போக்குவரத்து மசோதாவை 351-க்கு 69 என்ற கணக்கில் நிறைவேற்றிவிட்டது. அதற்குள் ஒரு வரி எங்கள் வயதுக்காரர்களுக்கு: விமானிகளின் ஓய்வு வயது 65-லிருந்து 67 ஆகும். மதியத்திலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "இன்னும் இரண்டு வருஷம் இருப்பீங்கதானே?"

எனக்கு அடுத்த ஆண்டு நவம்பர் 18-ல் 65 முடிகிறது. இன்னும் செனட் இருக்கிறது. அதையும் தாண்டிச் சட்டமானாலும் ஒரு சிக்கல் உண்டு. உலக நாடுகளுக்கிடையே பறக்க வயது வரம்பு 65தான். அதை அமெரிக்கா தனியாக மாற்ற முடியாது. 65 தாண்டியவர் நாட்டுக்குள் மட்டும் ஓட்டலாம். கடல் கடந்து பெரிய விமானம் ஓட்டிய கேப்டன்கள் உள்நாட்டு விமானத்துக்கு இறங்கி, அதற்குப் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும்.

நான் கேப்டன் பதவியிலிருந்து ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, இறங்க முடிவு செய்தது அதற்காக இல்லை. மனைவிக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். சரக்கு விமானம் என்றால் இரவு வேலை. போயிங் 767 கேப்டன்களின் சீனியாரிட்டிப் பட்டியலில் நான் நடுவில் இருக்கிறேன். எனக்கு மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சமிருக்கும் டிரிப்தான் எனக்கு வரும். அதே 767-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர் பட்டியலுக்குப் போனால் முதல் பெயர் என்னுடையது. சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும் டிரிப்பைக் கேட்டு வாங்கலாம். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும். போகட்டும். நேற்று இரவே விண்ணப்பித்துவிட்டேன்.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

சென்னையிலிருந்து தங்கை மகன் பேசினான். ஏர்பஸ் 320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர். கமாண்டுக்காக, அதாவது கேப்டனின் நாலு பட்டைக்காக, காத்திருக்கிறான்.

"மாமா, நிஜமாவா? நான் நாலாவது பட்டைக்காக ஆறு வருஷமா தவம் கிடக்கிறேன். நீங்க இருக்கிறதைக் கழட்டறேங்கறீங்க. அம்மாகிட்ட என்ன சொல்றது? மாமாவுக்கு ஏதோ தண்டனைன்னு நெனச்சு அழறாங்க."

தண்டனை இல்லையடா, நானே கேட்டு வாங்கியது என்றேன். சீனியாரிட்டிப் பட்டியலைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் குரல் சமாதானமாகவில்லை. தங்கையிடம் நானே பேச வேண்டும். அவளுக்குப் பட்டை, பட்டியல் எல்லாம் வேண்டாம். அண்ணி பக்கத்தில் இருக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும்.

2023 அக்டோபர் 10, செவ்வாய்

சிமுலேட்டரில் இரண்டாவது நாள். அதே விமானம், அதே கருவிகள், அதே எண்கள். மாறியது கைகள் மட்டும். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேப்டனின் இடது சீட்டில், இடது கையில் யோக் என்ற திருப்பும் பிடி, வலது கையில் இன்ஜின் விசையை ஏற்றி இறக்கும் திராட்டில். இப்போது வலது சீட், எல்லாம் தலைகீழ். முதல் இறக்கத்தில் ஓடுபாதை எனக்குச் சாய்ந்து தெரிந்தது. நடுக்கோட்டில்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன், சக்கரம் இரண்டு மீட்டர் தள்ளி விழுந்தது. இடது சீட்டிலிருந்து பார்த்துப் பழகிய கண் அது.

பயிற்சியாளர் நல்ல மனிதர். "கண்ணுக்கு நாலு இறக்கம் போதும், கைக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. ஐந்தாவது இறக்கம் சுத்தமாக வந்தது.

2023 நவம்பர் 4, சனி

மூன்று பட்டையோடு முதல் டிரிப்.

பழைய தோள்பட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். நாலாவது பட்டை இருந்த இடத்தில் சட்டைத் துணி கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருக்கிறது. மனைவி பார்த்துவிட்டு, "புதுச் சட்டை வாங்கிக்கோங்க" என்றாள். வேண்டாம், இன்னும் ஒரு வருஷம்தானே.

இன்று எழுத வேண்டியது ஒரே ஒரு விஷயம். மேலெழும்போது யார் விமானத்தை ஓட்டினாலும், வி-1 என்ற வேகம் வரும்வரை திராட்டிலில் கேப்டனின் கைதான் இருக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்துவதா, மேலே போவதா என்ற முடிவு அவருடையது. இன்று ஓட்டியது நான். விசையை ஏற்றினேன். கேப்டனின் கை வந்தது, நான் என் கையை எடுத்தேன். அந்த முப்பது சொச்சம் விநாடியும் என் இடது கைக்குப் போக இடம் தெரியவில்லை. தொடை மேல் வைத்தேன், அப்புறம் யோக்குக்குக் கொண்டுபோனேன். வேகம் 100 தாண்டும்போது விரல்கள் மடங்குவதை உணர்ந்தேன். இல்லாத திராட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கேப்டனுக்கு 41 வயது. என் பிள்ளையைவிட நாலு வயது மூத்தவர்.

2023 டிசம்பர் 13, புதன்

டயாலிசிஸ் மையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணி நேரம் இருக்கிறது.

2007-ல் இதே தேதியில்தான் வயது வரம்பை 60-லிருந்து 65 ஆக்கிய சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். இந்த நாள் வந்தால் எனக்குப் பெரியவர் நினைவு வரும். பெயர் எழுத அனுமதி கேட்க அவர் இப்போது இல்லை. பெரியவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

டிசி-10 விமானத்தில் கேப்டனாக இருந்தவர். 2003-ல் 60 முடிந்தது. 1960 மார்ச்சில் அமலுக்கு வந்த விதிப்படி 60 ஆனவர் முன்னால் இருக்கும் இரண்டு சீட்டிலும் உட்காரக் கூடாது. ஆனால் அந்த விதி விமானிகளுக்குத்தான். மூன்றாவது ஆளான பிளைட் இன்ஜினியரை அது தொடவில்லை. அதனால் கேப்டன்கள் பலர் பின்னால் போய், இன்ஜினியரின் கருவிப் பேனல் முன் உட்கார்ந்து வேலையில் நீடித்தார்கள். அதுவும் சும்மா கிடைத்ததில்லை. டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தில், நோய் போன்ற வேறு காரணத்தால் சீட்டை இழக்கும் கேப்டன் நேராக இன்ஜினியர் இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். 60 ஆனவர் மட்டும் காலியிடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். இது வயதை வைத்துக் காட்டும் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜனவரியில் சொன்னது. இன்ஜினியர்களையும் 60-ல் அனுப்பிய வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஜூனில் அங்கே தோற்றது. அந்த இரண்டு தீர்ப்பும் இல்லாவிட்டால் பெரியவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

போயிங் 727-ல் நான் வலது சீட்டில், அவர் எனக்குப் பின்னால் வலப்பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்கும் அந்தப் பேனல் பழக்கம். வேலையில் சேர்ந்தபோது முதல் சில ஆண்டுகள் அங்கேதான் இருந்தேன். இன்ஜின்களைக் கிளப்பியதும் மூன்று ஜெனரேட்டர்களையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். சின்ன விளக்குகள் படபடவென்று மின்னும். மின்னுவது மெல்ல மெல்லக் குறைந்து, இரண்டும் ஒன்றாக அணையும் அந்த நொடியில் சுவிட்சைத் தட்ட வேண்டும். நான் செய்த காலத்தில் பதற்றமாக இருக்கும். அவர் பால் பொங்கக் காத்திருப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டினால் ஒரு சின்ன உதறல்கூட இருக்காது. முப்பது ஆண்டு கேப்டனாக இருந்தவர் இந்த வேலையை இவ்வளவு கவனமாகச் செய்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு இரவும் தோன்றும்.

2007 சட்டம் வந்தபோது, ஏற்கெனவே 60 தாண்டி வீட்டுக்குப் போனவர்கள் பழைய சீனியாரிட்டியோடு திரும்ப வழியில்லை. ஒரு விலக்கு இருந்தது: கையெழுத்தான அன்று அதே கம்பெனியில், விமானத்துக்குக் கட்டாயம் தேவையான குழுவில் ஒருவராக வேலையில் இருந்தவர் முன் சீட்டுக்கு வரலாம். பேனலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. நாலு ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததற்கு அப்படி ஒரு பலன் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும்தான்.

2008 வசந்தத்தில் அவர் 727-ல் இடது சீட்டுக்கு வந்தார். 65 முடிய சில மாதங்களே பாக்கி. அவருடைய இரண்டாவது டிரிப்பில் நான்தான் வலது சீட். பேனலில் வேலைக்குப் புதிய ஒரு பெண். இன்ஜின் கிளம்பியதும் பெரியவர் கழுத்தைத் திருப்பி அந்தச் சின்ன விளக்குகளைப் பார்த்தார். அந்தப் பெண் சுவிட்சைத் தட்டினாள். ஒரு சின்ன உதறல். "நல்லா வருது" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

அதே ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

2024 ஜனவரி 21, ஞாயிறு

நேற்று இரவு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கேப்டன் ஓட்டினார். வலது சீட்டில் ரேடியோவும் கண்காணிப்பும் என் வேலை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றினார்கள். உயரமும் கூடுதல், வேகமும் கூடுதல். 1,000 அடியில் எல்லாம் நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நாலைந்து விநாடி வாயைத் திறக்கவில்லை. "அவருக்குத் தெரியும், சரி செய்துகொண்டிருக்கிறார்" என்று நினைத்தேன். இந்தப் பையனை அதட்டுகிற கிழவனாக இருக்கக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதுதான் உண்மை.

800 அடிக்குக் கிட்டே, "நிலைக்கு வரவில்லை, மேலே போங்கள்" என்றேன். உடனே விசையை ஏற்றினார். சுற்றி வந்து ஒழுங்காக இறங்கினோம்.

ஓட்டல் வண்டியில் அவர் சொன்னார்: "நீங்கள் எத்தனை வருஷம் கேப்டன். நீங்கள் பேசாமல் இருந்ததால் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்."

தூக்கம் வரவில்லை. ஒரு விமானத்தில் இரண்டு கேப்டன்கள் இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நேற்று அந்த நாலைந்து விநாடி எங்கள் விமானத்தில் கேப்டனே இல்லை. அவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன்.

பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் விபத்து, 1978 டிசம்பர் 28-ல் போர்ட்லாண்டில் விழுந்த யுனைடெட் 173. சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று கேப்டன் அதையே பார்த்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் தீர்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருளைப் பற்றி இன்ஜினியர் சொல்லாமல் இல்லை. அழுத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான். விமானக் குழுவுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அதற்குப் பிறகுதான் பிறந்தது. நானே இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

விடியற்காலையில் பெரியவர் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. தெரியாத கேப்டனோடு முதல் டிரிப் என்றால், பேனலில் உட்காருமுன் அவர் தோளைத் தொட்டுச் சொல்வார்: "நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்." மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பதினாறு ஆண்டு கழித்துப் புரிகிறது, அவருக்கும் இப்படி ஓர் இரவு வந்திருக்க வேண்டும்.

இன்று திரும்பும்போது இன்ஜின் கிளப்புமுன் அந்த வார்த்தைகளை அப்படியே கேப்டனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். 1,000 அடியில், எல்லாம் சரியாக இருந்தபோதும், "நிலையில் இருக்கிறோம்" என்று உரக்கச் சொன்னேன்.

2024 பிப்ரவரி 8, வியாழன்

67 வயதுத் திருத்தம் செனட் குழுவில் 14-க்கு 13 என்று தோற்றது. ஒரே ஓட்டு. எனக்கு வருத்தமில்லை. உடம்பு நன்றாக இருக்கும் நண்பர்கள் இரண்டு பேருக்கு மிகுந்த வருத்தம். அதில் ஒருவர் இன்று என்னோடு பேசவே இல்லை.

2024 மே 16, வியாழன்

மசோதா சட்டமாகிவிட்டது. 65 அப்படியே நிற்கிறது.

தங்கை மகனுக்குக் கமாண்ட் பயிற்சிக்குத் தேதி வந்துவிட்டது. "மாமா, ஒரே ஒரு அட்வைஸ்" என்றான். உன் பக்கத்தில் என்னைப் போல ஒரு வயசானவர் வந்து உட்கார்ந்தால், அவர் வாய் திறக்கக் காத்திருக்காதே, நீயே கேள் என்றேன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

நாளை 65. கடைசி டிரிப் இன்று.

ஜனவரியில் என்னோடு இருந்த அதே கேப்டன். அட்டவணையில் அப்படி அமைந்ததா, அவரே கேட்டு வாங்கினாரா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. "இந்த லெக் உங்களுடையது" என்றார். விசையை ஏற்றினேன், அவர் கை வந்தது, என் கையை எடுத்து யோக்கில் வைத்தேன். இப்போது அதற்கு இடம் தெரியும்.

இரவு ஒன்பதே முக்காலுக்கு இறங்கினோம். காற்று லேசாக இடப்பக்கம். சக்கரம் நடுக்கோட்டில் தொட்டது. வேகம் குறைந்ததும் கேப்டன், "விமானம் என்னிடம்" என்றார். "உங்களிடம்" என்று சொல்லிவிட்டுக் கைகளை எடுத்தேன். தரையில் திருப்பும் சக்கரம் அவர் பக்கத்தில் இருக்கிறது. நிறுத்துமிடத்தில், தண்ணீர் பீய்ச்சி என்னை வழியனுப்பத் தீயணைப்பு வண்டிகள் இரண்டு நின்றன. வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தபோது வைப்பரைப் போட்டேன்.

வீட்டுக்கு வரப் பதினொன்றரை. மனைவி விழித்திருந்தாள். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டதும் அவளே எடுத்து மடித்தாள். நாளை திங்கள், ஆறு மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும். ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் போதும்.